எங்கிட்டு நின்னீக? அழகர் ஆற்றில் இறங்கும் நாளும் வருகையின் பொருளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

சித்ரா பௌர்ணமி முடிந்த மறுநாள் மதுரையில் இருவர் சந்தித்துக்கொண்டால், அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வந்தார் என்பது பற்றிய பேச்சு சில நொடிகளில் முடிந்துவிடும். ஆற்றுப் பக்கமே போகாதவருக்கும் அந்த நிறம் காலை ஏழு மணிக்குள் தெரிந்திருக்கும். அடுத்து வரும் கேள்விதான் உண்மையான விசாரிப்பு: "எங்கிட்டு நின்னீக?" மூன்றுமாவடி, தல்லாகுளம் பெருமாள் கோயில் வாசல், ஏ.வி. பாலம், ஆற்று மணல், ராமராயர் மண்டபம், வண்டியூர் என எந்த விடை வந்தாலும் கேட்டவர் அதற்குள் நிறையப் படித்துக்கொள்வார். சொன்னவர் நகரத்துக்காரரா, கிழக்கே மேலூர்ப் பக்கத்து ஊரிலிருந்து வந்தவரா, நேர்த்திக்கடன் உள்ளவரா, வேடிக்கை பார்க்க வந்தவரா, குடும்பத்துக்கு மண்டகப்படி, அதாவது அழகரை வழியில் நிறுத்தி வரவேற்கும் பந்தல் உரிமை, உண்டா என்பதெல்லாம் அந்த ஓர் இடப் பெயரில் அடங்கிவிடும். மக்கள் ஒரு நிகழ்வுக்கு ஏன் வருகிறார்கள், வருவதன் மூலம் தம்மைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்ற வினாவை இந்த ஆய்வு அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது மதுரைச் சித்திரைத் திருவிழா. அதிலும் குறிப்பாக, மீனாட்சி திருக்கல்யாணமும், அழகர்மலை அடிவாரக் கோயிலிலிருந்து வரும் கள்ளழகர் என்னும் திருமால் வைகையில் இறங்குதலும். புதூர்ப் பக்கத்தில், அழகர் வரும் சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவன் என்ற முறையில் நான் ஆண்டுதோறும் கண்டவையும், என் வீட்டாரும் அண்டை வீட்டாரும் பேசக் கேட்டவையும் இதில் சேர்ந்துள்ளன.

பார்க்க வருகிறார்களா?

வருகைக்குக் காரணம் தரிசனம் என்பதே எல்லாரும் முதலில் சொல்லும் விடை. ஆனால் ஆற்றுக்குள் நின்று அழகரை உண்மையில் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. வைகையில் இறங்கும் காலை நேரத்தில் கரையிலும் மணலிலும் நிற்கும் பெருங்கூட்டத்தில் பெரும்பாலோருக்குத் தெரிவது ஒரு குடையின் விளிம்பும், தங்கக் குதிரையின் தலையும், அவற்றை மறைத்துக்கொண்டு உயரும் நூற்றுக்கணக்கான செல்பேசிகளுந்தான். அதே நேரத்தில் வீட்டில் தொலைக்காட்சி முன் அமர்ந்திருப்பவர், பட்டின் கரையையும், வெள்ளிக் குதிரையில் எதிர்கொண்டு நிற்கும் வீரராகவப் பெருமாளையும், பட்டர் கைச் சூடத்தையும் அருகிலிருந்து பார்ப்பதுபோல் பார்த்துவிடுகிறார். பார்ப்பதுதான் நோக்கம் என்றால் நேரலை ஒளிபரப்பு வந்த ஆண்டுகளில் ஆற்றங்கரைக் கூட்டம் குறைந்திருக்க வேண்டும். அது குறையவில்லை.

இதைச் சோதித்துப் பார்க்க யாரும் திட்டமிடாத ஒரு வாய்ப்பைக் கொரோனாக் காலம் தந்தது. 2020, 2021 ஆகிய இரண்டு சித்திரைகளிலும் திருவிழா நடந்தது, மக்கள் வரவில்லை. 2020 மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணம் சில பட்டர்களை மட்டும் வைத்துக் கோயிலுக்குள் நடத்தப்பட்டு நேரலையில் ஒளிபரப்பாயிற்று. அழகருக்குரிய சடங்குகளோ மலையடிவாரத்தில் கோயில் வளாகத்துக்குள்ளேயே முடிக்கப்பட்டன. அவர் வண்டியூருக்கும் வரவில்லை, வைகைக்கும் வரவில்லை.

இந்த இரண்டு இழப்புகளையும் ஊர் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. திருக்கல்யாணத்தன்று சுமங்கலிப் பெண்கள் தங்கள் தாலிக் கயிற்றை மாற்றிக்கொள்வது மதுரை வழக்கம். கோயிலுக்குள் இடம் கிடைத்தவர்கள் ஆடி வீதியிலும், கிடைக்காதவர்கள் சித்திரை, மாசி வீதிகளில் ஒலிபெருக்கியைக் கேட்டபடியும் மாற்றிக்கொள்வார்கள். 2020இல் அவர்கள் அதை வீட்டில், தொலைக்காட்சி முன்னால், அதே முகூர்த்தத்தில் செய்தார்கள். எங்கள் தெருவில் பல வீடுகளில் அன்று காலை தலைவாழை இலை போட்டுப் பாயசத்தோடு சமைத்தார்கள். வருத்தம் இருந்தது; ஆனால் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த நிறைவும் ஓரளவு இருந்தது. அழகர் இறங்கியிருக்க வேண்டிய நாளில் அந்த நிறைவு யாருக்கும் கிடைக்கவில்லை. முடி இறக்க நேர்ந்தவர் முடியோடு இருந்தார். ஆண்டுதோறும் அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சும் பக்கத்து வீட்டு அண்ணன், மொட்டை மாடியில் வடக்குப் பார்த்து நின்று, மலை இருக்கும் திசைக்கு இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கினார். பரணில் இருந்த தோல் துருத்தியை அவர் தொடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அது அவரு வந்தாத்தான் எடுக்கிறது" என்றார்.

கல்யாணத்தில் வருகையாளருக்குரிய செயல், அதாவது கயிறு மாற்றுதல், வீட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடியதாக இருந்தது. ஆற்றில் அவருக்குரிய செயல் இடத்தோடு கட்டுண்டதாக இருந்தது. ஆகவே வருகையை விளக்க, நிகழ்வில் என்ன காட்டப்படுகிறது என்பதைக் காட்டிலும், வந்தவருக்கு அங்கே என்ன வேலை வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதே பயன்தரும் என்பது என் கருத்து.

பெண் வீட்டார்

திருக்கல்யாணத்தில் அந்த வேலை உறவினராக இருத்தல். வடக்கு, மேற்கு ஆடி வீதிகள் சந்திக்கும் இடத்திலுள்ள மேடையில் கல்யாணம் நடக்கும். அண்மை ஆண்டுகளில் 500 ரூபாய்க்கும் 200 ரூபாய்க்கும் கட்டணச் சீட்டு உண்டு. கட்டணமின்றி நுழைபவர்க்கென்று தனி வழியும் உண்டு. சீட்டின் விலை உட்காரும் இடத்தைத்தான் தீர்மானிக்கும். அதன்பின் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: மொய் எழுதுவார்கள். கோயிலில் மொய் வாங்குவதற்கென்று ஆட்கள் அமர்ந்திருப்பார்கள். சேதுபதி பள்ளி வளாகத்தில் அடியார்கள் நடத்தும் கல்யாண விருந்தில் சாப்பிட்டுக் கை கழுவியவர்களும் மொய் எழுதாமல் நகர்வது அரிது.

மதுரைச் சுற்று வட்டாரத்தில் மொய் என்பது வெறும் அன்பளிப்பு அன்று என்பதை இங்கே சொல்ல வேண்டும். மொய் நோட்டு ஒரு கணக்குப் புத்தகம். எழுதியவர் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வர வேண்டும். வராவிட்டால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் மீனாட்சி கல்யாணத்துக்கு மொய் எழுதும் ஒருவர், நான் இந்த வீட்டுக்குச் செய்முறைக்குரிய ஆள் என்று எழுதி வைக்கிறார். உண்டியலில் போடுபவருக்குப் பெயர் கிடையாது. மொய் எழுதுபவருக்குப் பெயரும் ஊரும் உண்டு. அதிலும் அவர் எந்த வீட்டு ஆள் என்பதில் ஐயமே இல்லை. மீனாட்சி பாண்டியன் மகள், இந்த ஊரை ஆள்பவள், சொக்கர் வெளியிலிருந்து வந்த மாப்பிள்ளை. எனவே மதுரையே பெண் வீடு. திருப்பரங்குன்றத்திலிருந்து மகன் முருகன் தெய்வானையோடு வருகிறார். தாரை வார்த்துக் கொடுக்க அதே குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் வருகிறார். அவர்களோடு வந்து அமரும் கூட்டத்தையும் அந்தப் பக்கத்து உறவாகவே ஊர் எண்ணிக்கொள்கிறது.

அழகர் வருகையைப் பற்றி வழங்கும் கதையும் உறவுக் கதைதான். தங்கை கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவரும் அண்ணன் வழியில் தாமதமாகி, ஆற்றுக்கு வரும்போதே கல்யாணம் முடிந்துவிட்டதென்று கேள்விப்பட்டுக் கோபங்கொண்டு, ஊருக்குள் நுழையாமல் ஆற்றோடு வண்டியூருக்குப் போய்விடுகிறார் என்பது மக்கள் சொல்லும் கதை. கோயில் புராணம் வேறு சொல்கிறது: துர்வாசர் சாபத்தால் தவளையாகிய சுதபஸ் முனிவருக்கு மோட்சம் கொடுக்கவே அழகர் வைகைக்கு வருகிறார், தேனூர் மண்டபத்தில் நடக்கும் மண்டூக மோட்சம் அதற்குரியது. தேனூரில் நடந்துவந்த அழகர் விழாவையும், மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணத்தையும் 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் சித்திரையில் ஒன்றாக இணைத்தார் என்று சொல்வது வழக்கம். கல்யாணம் போய்விட்ட மாசியின் பெயர் மாசி வீதிகளிலும், விழா போய்விட்ட தேனூரின் பெயர் ஆற்று மண்டபத்திலும் நிற்கின்றன.

புராணத்தை அறிந்தவர்களும் அண்ணன் தங்கைக் கதையைத்தான் பேசுகிறார்கள். தவளை முனிவர் கதையில் பக்தருக்கு வேலை இல்லை, பார்த்துக் கும்பிடலாம், அவ்வளவே. அண்ணன் கதையில் எல்லாருக்கும் வேலை இருக்கிறது: மலையிலிருந்து கூடவே நடந்து வருபவர்கள் சீர் சுமக்கும் அண்ணன் வீட்டார், அழகரை எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவைக்கு மூன்றுமாவடி வரை போகும் நகரவாசிகள் வாசலுக்கு வந்து அழைக்கும் தங்கை வீட்டார், கோபத்தைத் தணிக்கத் தண்ணீர் பீய்ச்சுபவர்கள் சமாதானம் சொல்பவர்கள். நான் சொல்லும் இந்தப் பிரிவினையை அவர்கள் யாரும் வாய்விட்டு வகுத்துச் சொல்ல மாட்டார்கள் என்பது உண்மை; ஆனால் தன் இடத்தை மாற்றி நிற்கச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

இடமும் உரிமையும்

அழகர்கோவிலிலிருந்து மதுரை சுமார் 20 கிலோமீட்டர். கண்டாங்கிப் பட்டும், கள்ளர் கொண்டையும், கையில் வளைதடியும் நேரிக்கம்புமாகப் புறப்படும் அழகர், பதினெட்டாம்படிக் கருப்பணசாமி சந்நிதியில் நின்று, எடுத்துச் செல்லும் நகைகளின் பட்டியலைப் படிக்கக் கேட்டு விடைபெற்ற பிறகுதான் சாலைக்கு வருகிறார். பின்னால் உண்டியல் வண்டிகள் உருண்டு வரும். அங்கிருந்து கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல், மூன்றுமாவடி, புதூர் வழியாகத் தல்லாகுளம் வந்துசேரும் வரையிலும், பின்னர் ஆற்றிலிருந்து வண்டியூர் போய்த் திரும்பும் வரையிலும் அவர் எழுந்தருளும் மண்டகப்படிகள் நானூறுக்கும் மேல்.

மண்டகப்படி ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தினுடையதாக, ஒரு சமூகத்தினுடையதாக, ஒரு வணிகர் சங்கத்தினுடையதாக, அல்லது ஓர் ஊர்ப் பொதுவினுடையதாக இருக்கும். பல்லக்கு அங்கே நிற்பது சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களுக்காக ஒரு வாரம் முன்பே வெள்ளையடித்து, பந்தல் போட்டு, சீரியல் விளக்குத் தொங்கவிட்டு, விடிய விடியப் புளியோதரையும் நீர்மோரும் வழங்குவார்கள். பல்லக்கு நின்றதும் மண்டகப்படிக்குரியவர் பெயர் சொல்லி அழைக்கப்படுவார். பரிவட்டம் கட்டப்படும். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் தம்பிகள் அந்த ஓர் அழைப்புக்காக விமானச் சீட்டு எடுத்து வருவதை நான் பார்த்திருக்கிறேன். வரமுடியாதவருக்காக இன்னொருவர் பரிவட்டத்துக்குத் தலை நீட்டலாம், ஆனால் அடுத்த ஆண்டு "யாரு முறை?" என்ற பேச்சு வரும்போது வராதது கணக்கில் ஏறியிருக்கும். உரிமை பங்காளிகளுக்குள் சுற்று முறையில் வருவதும், பங்கு பிரிவதில் தகராறு வந்து வழக்காவதும் தமிழ்நாட்டுத் திருவிழாக்கள் பலவற்றிலும் உள்ளதே.

இங்கே வருகையாளர் தனிமனிதராக வருவதில்லை. மண்டகப்படியில் நிற்பவர் தன் தாத்தாவின் பெயரால் நிற்கிறார். தனிமனித அடையாளம் என்று நாம் இன்று எழுத்தில் சொல்வது இங்கே அந்தக் குடும்பப் பெயருக்குள் ஓர் இருக்கையாகவே கிடைக்கிறது. இதை வியந்து பாராட்டுவதோடு நிறுத்திவிட்டால் ஆய்வு பாதியில் நிற்கும். மரியாதை பெறுவோர் இருக்கும் இடத்தில் மரியாதை மறுக்கப்பட்டோரும் இருப்பார்கள். மண்டகப்படி இல்லாத சமூகத்தார் இதே சாலையோரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுத் தான் போகிறார்கள். ஒரே நிறப் பனியன் அணிந்து, முதுகில் தங்கள் சமூகத் தலைவரின் படத்தைப் பதித்துக்கொண்டு, கொடியோடு குழுக் குழுவாக வரும் இளைஞர்களை அண்மை ஆண்டுகளில் அதிகம் காண முடிகிறது. அவர்களும் இடம் கேட்கிறார்கள். பழைய மண்டகப்படி கல்லில் பெயர் பொறித்துச் சொன்னதை இவர்கள் துணியில் அச்சடித்துச் சொல்கிறார்கள் என்பதைத் தவிர இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பனியனைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் பரிவட்டத்தையும் அதே கண்ணால் பார்ப்பது நேர்மையாக இருக்கும்.

துருத்தி

பக்கத்து வீட்டு அண்ணனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இஸ்திரி பிரிவில் வேலை செய்கிறார். தீபாவளிக்குக்கூடச் சில ஆண்டுகள் வரமாட்டார். சித்திரைக்கு வராமல் இருந்ததில்லை. விடுமுறை எப்படிக் கிடைக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். "தங்கச்சி கல்யாணம்னு கேட்டாக்கூட ரெண்டு நாளுக்கு மேல குடுக்க மாட்டாக தம்பி. அழகருக்குன்னு சொன்னா, மருதக்காரன் வேற என்ன கேப்பான்னு குடுத்துருவாக" என்றார். வருகையின் பொருளைப் போகிற ஊரைவிட விட்டுப் போகிற ஊர் தெளிவாகப் புரிந்துவைத்திருக்கிறது.

காப்புக் கட்டி விரதமிருந்து, சல்லடம் உடுத்தி, தலையில் உருமால் கட்டி, மார்பில் குறுக்குமாலை போட்டு அவர் கருப்பசாமி வேடத்தில் இறங்கும்போது, நேற்றுவரை அவரை "வாடா" என்று அழைத்த தெருப் பெரியவர்கள் விலகி வழிவிடுவார்கள். அவருடைய துருத்தி ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய ஆட்டுத்தோல். கால்களைக் கட்டி, ஒரு பக்கம் பித்தளைக் குழாய் பொருத்தியது. தோளில் தொங்கும் அதை அக்குளுக்குள் இடுக்கி அழுத்தினால் நீர் நூல்போல் எழுந்து பல்லக்கு வரை போகும். பன்னீரும் மஞ்சளும் கலந்த நீர். வெயிலில் வந்த சாமிக்குக் குளிர்ச்சி. அதன் அழுத்தம் முழுவதும் ஆளின் கையிலிருந்து வருவது.

இடையில் சிலர் உயர் அழுத்த மோட்டாரையும் பெரிய குழாய்களையும் கொண்டுவந்து, வாகனத்தின் மேலும் பட்டர்கள் மேலும் பீய்ச்சியடிக்கத் தொடங்கினார்கள்; நீரில் வேதிப்பொருள் கலப்பதாகவும் குற்றச்சாட்டு எழுந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தோல் துருத்தியால் மரபு முறைப்படி மட்டுமே தண்ணீர் பீய்ச்ச வேண்டும் என்று கூறியது. இதில் நகைகளும் வாகனமும் பாழாகும் என்ற காரணம் இருந்தது, அது சரியே. ஆய்வு நோக்கில் இன்னொன்றும் இருக்கிறது. மோட்டார்க் குழாயால் அழகர் மேல் அதிகத் தண்ணீர் விழும், அதில் ஐயமில்லை. ஆனால் குழாயைப் பிடித்திருப்பவருக்கு விரதம் தேவையில்லை, வேடம் தேவையில்லை, அருகில் வரவும் தேவையில்லை. தண்ணீர் போய்ச் சேர்கிறது, ஆள் போய்ச் சேர்வதில்லை. இதனால்தான் அந்தக் குழாய்களின் மேல் முதலில் ஆத்திரப்பட்டவர்கள் துருத்திக்காரர்களாக இருந்தார்கள்.

சித்தி

என் சித்தி முப்பது ஆண்டுகள் திருக்கல்யாணத்துக்குத் தவறாமல் போனவர். முதல் நாள் இரவே மஞ்சள் தடவிய கயிற்றை முடிந்து வைத்துக்கொண்டு, விடியுமுன் தெற்குக் கோபுர வரிசையில் போய் நின்றுவிடுவார். சித்தப்பா இறந்த ஆண்டு தீட்டு என்று வீட்டில் யாரும் எங்கும் போகவில்லை. துக்க வீட்டார் காப்புக் கட்ட மாட்டார்கள், கோயிலுக்குப் போக மாட்டார்கள். திருவிழாவுக்கு வராத வீடு எது என்பதும் தெருவுக்கு ஒரு செய்திதான். அடுத்த ஆண்டு எல்லாரும் கிளம்பினார்கள், சித்தி கிளம்பவில்லை. "வரவேணாம்னு யாரும் சொல்லலியே" என்று அம்மா கேட்டதற்கு, "அங்க போயி கைய எங்க வச்சுக்கிட்டு நிக்கிறது" என்றார்.

இதைவிடத் துல்லியமாக ஒரு நிகழ்விலிருந்து விலக்கப்படுவதைப் பற்றி நான் எங்கும் கேட்டதில்லை. வாசலில் தடுப்பு இல்லை, சீட்டு மறுப்பு இல்லை. முகூர்த்த நேரத்தில் சுற்றியுள்ள பெண்கள் அனைவரும் செய்யும் ஒரு செயலில் அவர் கைக்கு வேலை இல்லை, அவ்வளவுதான். வருகை என்பது செயலால் ஆனது என்றால், செயல் பறிபோனவருக்கு இடமும் பறிபோகிறது. கல்யாணக் கூட்டத்தின் மகிழ்ச்சியைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விடுவது நியாயம் ஆகாது.

அதற்கடுத்த ஆண்டிலிருந்து சித்தி ஆற்றுக்குப் போகத் தொடங்கினார். ஒரு செம்பில் நாட்டுச் சர்க்கரையை நிரப்பி, வாயை வாழையிலையால் மூடி, அதன் மேல் சூடம் ஏற்றி அழகருக்குக் காட்டுவது அங்கே வழக்கம். சூடம் அணைந்ததும் சர்க்கரையைச் சுற்றி நிற்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும். கைம்பெண் கையால் வாங்கலாமா என்று அங்கே யாரும் யோசிப்பதில்லை. இருட்டில், நெரிசலில், நீட்டிய கைகள் மட்டுமே தெரியும். கோயிலில் முப்பது ஆண்டுகள் வாங்கிக்கொண்டு வந்தவர் ஆற்றில் கொடுப்பவராகிவிட்டார். அவர் நிற்பது தல்லாகுளத்திலிருந்து ஆற்றுக்கு இறங்கும் வழியில் ஒரு மின்கம்பத்துக்கு அருகில். இப்போது ஆண்டுதோறும் அதே இடம்.

நிர்வாகம் எண்ணும் கூட்டம்

2022இல், இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பின், ஏப்ரல் 16 அன்று அழகர் இறங்கியபோது நெரிசலில் சிக்கி இருவர் உயிரிழந்தனர். அதன் பிறகு தடுப்புக் கட்டைகளும், ஆளில்லா விமானக் கண்காணிப்பும், ஆற்றுக்குள் செல்வதற்கான கட்டுப்பாடுகளும் கூடியுள்ளன. உயிர் காக்கும் எதையும் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த ஏற்பாடுகள் யாவும் கூட்டத்தைப் பார்வையாளர்களாக எண்ணுகின்றன: எத்தனை இலட்சம் பேர், எந்த இடத்திலிருந்து பார்க்கலாம், எங்கே பெரிய திரை வைக்கலாம் என்பதே கணக்கு. திரை வைத்த இடத்தில் கூட்டம் சேர்வதில்லை என்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். முடி இறக்க வந்தவருக்குத் திரையில் என்ன இருக்கிறது? அவருக்கு வேண்டியது ஆற்றோரம் ஒரு நாவிதரும் குளிக்கத் தண்ணீரும். வைகை வறண்டிருக்கும் ஆண்டுகளில் விழாவுக்காகவே அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். விழா நிர்வாகத்தில் மக்களின் வேலையை உணர்ந்து செய்யப்படும் ஏற்பாடு அது ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. முக்கியப் பிரமுகர்களுக்கான அனுமதிச் சீட்டு முறையால் அழகருக்கு மிக அருகே கிடைக்கும் இடத்தில், செய்வதற்கு எந்த வேலையும் இல்லாதவர்கள் நிற்கிறார்கள். செம்போடும் துருத்தியோடும் வந்தவர்கள் கட்டைக்கு வெளியே நின்று எக்குகிறார்கள். நெருக்குதல் எந்தத் திசையில் உருவாகும் என்பதை ஊகிக்கப் பெரிய கணக்குத் தேவையில்லை. நேர்த்திக்கடன் உள்ளவர்களை அவர்கள் செயலுக்கேற்பப் பிரித்து, துருத்திக்கு ஒரு வழி, முடிக்கு ஒரு துறை, செம்புக்கு ஒரு கரை என்று ஒதுக்கினால், அவர்களே அந்த இடங்களைக் காவல் காப்பார்கள். மண்டகப்படிகளில் யாரும் சொல்லாமலே நடப்பது அதுதான்.

அழகர் இராமராயர் மண்டபத்தில் தீர்த்தவாரி கண்டு, வண்டியூரில் தங்கி, தேனூர் மண்டபத்தில் முனிவருக்கு மோட்சம் கொடுத்து, தசாவதாரக் கோலங்கள் காட்டி, கடைசியில் சேதுபதி மண்டபத்திலிருந்து பூப்பல்லக்கில் கிளம்பி மலைக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள், பக்கத்து வீட்டு அண்ணன் காப்பை அவிழ்த்துவிட்டுத் துருத்திக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கோவையில் படிக்கும் அவர் மகன் திண்ணையில் உட்கார்ந்து, தான் எடுத்த படங்களைச் சித்திக்குக் காட்டினான். குதிரையின் கடிவாளம் வரை தெளிவாகத் தெரியும் நல்ல படங்கள்.

"எங்கிட்டுய்யா நின்ன?" என்று கேட்டார் சித்தி.

"பாலத்து மேல அப்பத்தா."

"அது பாக்குறவுக நிக்கிற எடம்ல" என்று சொல்லிவிட்டு, செம்பில் மிஞ்சிக் கிடந்த சர்க்கரையை அவன் உள்ளங்கையில் தட்டினார்.